பொங்கல் சீரில் வந்த இரண்டு டப்பா

திருவரங்குளம்,
4.3.2024

உதயசூரியனுக்கு,

கூடப் பொறந்த அக்கா சுகுணா எழுதிக்கிறது. நலம், நலமறிய ஆவல்னு எழுதுற மாதிரி இங்கிட்டு யாரும் இல்ல. நீ நல்லாத்தான் இருப்ப. ஜிம் வாசல்ல சட்டையில்லாம ஆளுயரத்துக்கு பேனர் வச்சிருக்கியே, புதுக்கோட்டைக்கு வர்ற பஸ்ஸெல்லாம் அதைப் பாத்துட்டுத்தான் போகுது.

எட்டு கிலோமீட்டர்ல இருக்கிற தம்பிக்கு லெட்டர் எழுதுற கேவலம் இந்த ஜில்லாவுலயே எனக்கு மட்டுந்தான் வந்திருக்கும். என் நம்பரை பிளாக் பண்ணிட்ட. ஒன் பொண்டாட்டி பரிமளாவும் பண்ணிட்டா. நேர்ல வந்தா ஷட்டரை இறக்குற. அதான் ரிஜிஸ்டர் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகணும், வரலேன்னு நாளைக்குப் பொய் சொல்ல முடியாது.

என் மக அன்புமொழி திருச்சி ஆஸ்பத்திரியில பதினோரு நாளாக் கெடக்குறா. சேலத்துல வெயிட் தூக்குற போட்டி முடிஞ்சு வந்த நாலாம் நாளே முகம் பூரி மாதிரி உப்பிப் போச்சு. கால்ல விரல் வச்சு அமுக்குனா குழி விழுது. ஒண்ணுக்குப் போனா சோப்பு நுரை மாதிரி நுரை. கிரியாட்டினின்னு ஒண்ணு பாக்குறாங்க, கிட்னி வேலை செய்யுதான்னு காட்டுமாம். ஒண்ணைத் தாண்டக் கூடாதாம், இவளுக்கு மூணு புள்ளி நாலு. பத்தொன்பது வயசுப் பொண்ணுக்கு டயாலிசிஸ் வேணுமா வேண்டாமான்னு ரெண்டு நாளு பேசுனாங்கடா. நல்லவேளை, வேண்டாம்னுட்டாங்க.

கிட்னி டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்விதான். "என்னென்ன சாப்பிட்டா, எவ்வளவு சாப்பிட்டா, ஒண்ணு விடாமச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் வைத்தியம்"னாங்க. ஒன் ஜிம்முல தினம் ஒரு கரண்டி புரோட்டீன் தூளு கரைச்சுக் குடுத்ததைச் சொன்னேன். அதுல என்ன கெடக்குன்னு நீதான் சொல்லணும். எழுத்துல சொல்லு.

ஒன்கூடப் பொறந்து தொலைச்ச
சுகுணா


புதுக்கோட்டை,
11.3.2024

அக்காவுக்கு,

நீ நலம் விசாரிக்கலை, நானும் விசாரிக்கலை. சரியாப் போச்சு.

நம்பரை ஏன் பிளாக் பண்ணேன்னு ஊருக்கே தெரியும். முப்பது பேரு எக்சர்சைஸ் பண்ணிக்கிட்டு இருக்கும்போது வாசல்ல நின்னு "எம் மகளுக்கு வெசத்தைக் குடுத்துட்டான்"னு மாரடிச்ச. அதுல பாதிப் பேரு மறுநாளு வரலை. இதுல நான் போனை எடுத்து வேற வாங்கிக் கட்டிக்கணுமா?

யாரு கேட்டு அவளை நான் சேத்தேன்? போன வருசம் ஜூன் மாசம் நீதான் கூட்டியாந்த. "தம்பி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலை எடுக்கணும், இவளை எப்படியாச்சும் தூக்கி விடு"ன்னு கையைப் பிடிச்ச. போன கார்த்திகையில மாவட்டப் போட்டியில அம்பத்தேழு கிலோ பிரிவுல வெண்கலம் வாங்குனாளே, அன்னிக்கு கேசரி கிண்டி அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கெல்லாம் குடுத்த. அன்னிக்கு நான் நல்ல மாமன். இன்னிக்கு வெசம் வச்சவன்.

தினம் ஒரு கரண்டி. டப்பாவுல போட்டிருக்கிற அளவு. தலை தட்டி. என் ஜிம்முல நாப்பது பேரு அதையேதான் குடிக்கிறான். ஒருத்தனுக்கும் முகம் உப்பலை. டப்பா மேல எல்லாம் அச்சடிச்சிருக்கு, டாக்டரம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்ல.

புள்ளைக்கு ஒடம்பு தேறணும்னு குமரமலை முருகனுக்கு வேண்டியிருக்கேன். ஒனக்காக இல்ல.

உதயசூரியன்


திருவரங்குளம்,
15.3.2024

உதயசூரியனுக்கு,

லெட்டர் வந்துச்சு. நீ இவ்வளவு பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா தொட்டில்லயே வாயில துணியை வச்சு அடைச்சிருப்பேன். அப்ப ஒன்னைத் தூக்கிச் சொமந்தது நான்தான்.

புள்ளையை வீட்டுக்குக் கூட்டியாந்தாச்சு. உப்பில்லாத சோறு. பருப்பு அளந்து. தண்ணியும் அளந்து. அவ அளவு டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பாக்கவே வயிறு எரியுது. கிரியாட்டினின் ரெண்டு புள்ளி மூணுக்கு வந்திருக்கு.

சேலத்துல என்ன நடந்துச்சுன்னு இப்பத்தான் அவ வாயால கேட்டேன். எடை ஒண்ணரைக் கிலோ கூடிப் போச்சுன்னு ரெண்டு நாளு சொட்டுத் தண்ணி தராம, மழைக்கோட்டை மாட்டிவிட்டு வெயில்ல ஓடவிட்டியாமே. நீ மனுசனா? மாட்டுக்குக்கூட எவனும் அப்படிச் செய்ய மாட்டான்.

இந்தப் பொங்கலுக்கு நீ கொண்டாந்த சீரு நெனைவிருக்கா? ஊர்ல எல்லா அண்ணன் தம்பியும் பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்கொத்துன்னு தாம்பாளத்துல வச்சுக் கொண்டாந்தான். நீ அந்தத் தூளு டப்பா ரெண்டை வச்சு, மேல ரிப்பன் கட்டிக் கொண்டாந்த. "எம் மருமகளுக்கு இதான்க்கா சீரு"ன்ன. தெருவே சிரிச்சுச்சு. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு வாங்கி உள்ள வச்சேனே, என்னைச் சொல்லணும்.

வர்ற திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப்போறேன். ஒன் மச்சானுக்கு இன்னும் சொல்லலை. குவைத்துல வண்டி ஓட்டுறவருகிட்ட இதைச் சொல்லி, அவரு அங்கிட்டு எங்கயாச்சும் மோதிக்கவா?

சுகுணா


புதுக்கோட்டை,
2.4.2024

மதிப்பிற்குரிய சுகுணா அவர்களுக்கு,

தாங்கள் நலமா. நான் நலம். எவ்வளவு நலம்னு இதோட இருக்கிற ஜெராக்ஸைப் பாருங்க.

லேப்ல ரத்தம் குடுத்துப் பாத்தேன். என் கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒண்ணு. இந்தத் தூளை நான் ஒம்போது வருசமாச் சாப்பிடுறேன். ஒரு நாளைக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு கரண்டி. மனுவோட இந்த ஜெராக்ஸையும் பின் பண்ணிக் குடுங்க. ஆனா எலெக்சன் வந்துருச்சு, ஜூன் வரைக்கும் திங்கக்கிழமை மனு வாங்குறதில்ல. வாசல்ல ஒரு பெட்டி வச்சிருக்காங்களாம், அதுல போட்டுட்டு வாங்க.

ஒரு விசயம் கேக்கணும். பொங்கலுக்குச் சீர் வச்ச டப்பா ரெண்டும் எங்க? ஒரு டப்பா ஒரு ஆளுக்கு ரெண்டு மாசம் வரும். ஜிம்முல குடிக்கிறது தனிக் கணக்கு, இது காலேஜ் பரீட்சை லீவுல வீட்டுல இருக்கும்போது குடிக்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். ஒரு டப்பாவை இன்னும் பிரிச்சிருக்கவே மாட்டீங்க. அதைக் குடுத்து அனுப்புங்க. நானே சோதனைக்கு அனுப்பி, என் மேல தப்பில்லேன்னு காட்டுறேன்.

இப்படிக்குத் தங்கள் பகையாளி,
உதயசூரியன்


திருவரங்குளம்,
9.5.2024

உதயசூரியனுக்கு,

என்ன, பதில் வரலேன்னு ஜெயிச்சுட்டதா நெனைச்சுக்கிட்டு இருந்தியா? எலெக்சன் டியூட்டி, அங்கன்வாடி லீவு கணக்கு, ஆஸ்பத்திரின்னு எனக்கு ஆயிரம் சோலி. ஒன்ன மாதிரி கண்ணாடி முன்னாடி நின்னு கையை மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டு இருக்கலை.

ஒன் ஜெராக்ஸைப் பாத்தேன். நல்லாயிரு. நூறு வருசம் நல்லாயிரு. எம் மக கெடக்குறா, இவன் ரிப்போர்ட் அனுப்புறான்.

டப்பாவைத் தூக்கி எறிஞ்சாச்சு. அந்தச் சனியனை வீட்டுல வச்சுக்கிட்டு என்ன பண்ண? இனிமே அதைப் பத்திக் கேக்காத.

கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி எட்டுக்கு வந்து அப்படியே நிக்குது. மூணு தடவை பாத்தாச்சு, எறங்க மாட்டேங்குது. டாக்டரம்மாவுக்கே சந்தேகம் வந்துருச்சு. "ஒரு கரண்டித் தூளுக்கு இவ்வளவு ஆகாதும்மா. வேற ஏதோ நோய் உள்ளுக்குள்ள இருக்கலாம். முதுகுப் பக்கம் ஊசி விட்டுக் கிட்னியில இருந்து துணுக்குச் சதை எடுத்துப் பாத்துட்டு, ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும்"னு சொல்றாங்க. ஜூன் பன்னெண்டாம் தேதி குறிச்சிருக்கு.

ஒனக்குச் சொல்லணும்னு எழுதலை. மாமன்காரன்னு ஒருத்தன் இருக்கானே, அவனுக்குச் சொன்னியான்னு நாளைக்கு யாரும் கேக்கக்கூடாதுல்ல, அதுக்குத்தான்.

சுகுணா


புதுக்கோட்டை,
14.5.2024

அக்கா,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். டப்பாவை எப்ப எறிஞ்ச? எறியும்போது உள்ள எவ்வளவு இருந்துச்சு?

நான் என்ன குடுத்தேன்னு எனக்குத் தெரியும். நீ என்ன குடுத்த?

உதயசூரியன்


திருவரங்குளம்,
24.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அன்புமொழி எழுதுறேன். நீங்களும் அத்தையும் நல்லா இருக்கீங்களா? என் போனை அம்மா வாங்கி வச்சிருக்கு. இந்த லெட்டர் அம்மாவுக்குத் தெரியாது. தபால்காரர் பிச்சைமுத்து அண்ணன்கிட்டயே பேப்பரும் கவரும் வாங்கி எழுதுறேன்.

நான் பரவாயில்லை மாமா. வீக்கம் வத்திருச்சு. படியேறுனா மூச்சு வாங்குது. எண்பது கிலோவைத் தோள்ல வச்சு உக்காந்து எந்திரிச்சவ, இப்ப தண்ணிக் குடத்தைத் தூக்கக்கூடாதாம்.

ஜூன் 12 ஊசி. பயமா இருக்கு. ஊசிக்கு இல்ல, அதுக்கு அப்புறம் குடுக்கப்போற மாத்திரைக்கு. முகம் பெருத்துடும், எலும்பு வலுவிழக்கும், மாசக்கணக்குல சாப்பிடணும்னு பக்கத்து பெட்ல இருந்த அக்கா சொன்னாங்க. அதெல்லாம் வேணுமான்னு முடிவு பண்ணத்தான், நான் என்ன சாப்பிட்டேன்னு டாக்டர் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. நானும் திரும்பத் திரும்ப அதையேதான் சொல்றேன். ஜிம்முல ஒரு கரண்டி. வீட்டுல அம்மா குடுக்குற பாதாம் பால், இரும்புச்சத்து மாத்திரை. முதுகு வலி உயிர் போனப்பகூட வலி மாத்திரை தொடலை, டோப் டெஸ்ட்ல மாட்டிக்குவோம்னு நீங்க சொன்னதால.

மாமா, நான் கோவப்பட மாட்டேன். சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், டாக்டரைத் தவிர. நீங்க குடுத்தது ஒரு கரண்டிதானா? கூட ஏதாவது கலந்தீங்களா?

அம்மாகூடச் சண்டை போடாதீங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதுறீங்க, ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் பிரஷர் ஏறுது.

அன்புடன்,
அன்புமொழி


புதுக்கோட்டை,
29.5.2024

அக்கா,

ஒன் மக எனக்கு எழுதுன லெட்டரை இதுக்குள்ள வச்சிருக்கேன். படி. உக்காந்து படி.

பாதாம் பாலு, இரும்புச்சத்து மாத்திரை. நல்லாத்தான் இருக்கு கேக்க.

உதயசூரியன்


திருவரங்குளம்,
3.6.2024

தம்பி உதயாவுக்கு,

படிச்சேன். நாலு நாளாப் படிச்சுக்கிட்டே இருக்கேன்.

சொல்றேன். சொல்லிட்டா நீ சிரிப்ப, சிரிச்சுக்க.

பாதாம் பாலு இல்ல. நீ சீரு வச்ச தூளுதான். பொங்கல் முடிஞ்ச மறுநாள்ல இருந்து காலையில ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி, பால்ல கலந்து குடுத்தேன். அவகிட்டச் சொல்லலை. சொன்னா "மாமா ஒண்ணுதான் சொல்லியிருக்கு"ன்னு குடிக்க மாட்டா. ஜிம்முல நீ குடுக்குறது போக இது. தை மாசம் முழுக்க, சேலம் போற வரைக்கும். ஒரு டப்பா முடிஞ்சு, அடுத்த டப்பாவுல அடியில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அவளை ஆஸ்பத்திரியில சேத்த அன்னிக்கே கொண்டுபோய்க் கொளத்துல கொட்டிட்டேன்.

இருபத்திரெண்டு வருசமா அங்கன்வாடியில சத்துமாவு குடுக்குறேன். எடை போட்டு, எளைச்ச புள்ளைக்கு ஒரு கை கூடப் போட்டு, அடுத்த மாசம் எடை ஏறுனா சந்தோசப்பட்டு, இதேதான் என் பொழப்பு. சத்து கூடப் போயி ஒரு புள்ளை கெட்டு நான் பாத்ததே இல்ல. இதுவும் சத்துமாவுதான்னு நெனைச்சேன். ஒரு கரண்டிக்கே வெண்கலம்னா மூணு கரண்டிக்குத் தங்கம்னு நெனைச்சேன். மடச்சி.

இன்னொண்ணும் இருக்கு. முதுகு வலியில அவ அழுதா. மெடிக்கல்ல எனக்கு மூட்டு வலின்னு சொல்லி வலி மாத்திரை வாங்கி, அட்டையில இருந்து பிரிச்சு, இரும்புச்சத்து மாத்திரைன்னு குடுத்தேன். தினம் ரெண்டு. நாலு வாரம். ஒரு தடவை மாத்திரை முடிஞ்சு போச்சு, அவளே "அந்த இரும்புச்சத்து மாத்திரை எங்கம்மா, அது போட்டா ஒடம்புக்கு நல்லாயிருக்கு"ன்னு கேட்டாடா.

மொத நாளே டாக்டரம்மாகிட்டச் சொல்லியிருக்கணும். வாய் வரலை. அவ பெட்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லலாம்னு போவேன், ஒன்னைத் திட்டிட்டு வந்துருவேன். ஒன்னைத் திட்டுற வரைக்கும் எனக்கு மூச்சு விட முடிஞ்சுச்சு.

இப்ப ஒண்ணு கேக்குறேன். நீ போயி டாக்டரம்மாகிட்டச் சொல்லு. எல்லாத்தையும் அப்படியே சொல்லு. ஆனா குடுத்தது நீன்னு சொல்லு. ஒனக்குத்தான் ஏற்கெனவே கெட்ட பேரு வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் வந்தா என்ன? நான் அவளுக்கு மூணு வேளையும் சோறு போடணும்டா.

சுகுணா


புதுக்கோட்டை,
7.6.2024

அக்கா,

சிரிக்கலை. பரிமளா என்னன்னு கேட்டா, ஒண்ணுமில்லேன்னு மாடிக்குப் போயிட்டேன்.

நீ கேட்டியே, குடுத்தது நான்னு சொல்லுன்னு. எப்படிக்கா கேக்கத் தோணுச்சு? மூணு மாசமா ஊரெல்லாம் என் பேரை நாறடிச்சுட்டு, கடைசியில அதையும் நானே ஒத்துக்கணுமா? முடியாது. அவ வந்து "கூட ஏதாவது கலந்தீங்களா மாமா"ன்னு என்னைக் கேக்குறா. என்னை! சேலம் போறதுக்கு முன்னாடி அவ எடை ஏறிக்கிட்டே போகுது, ஒரு கரண்டிக்கு இப்படி ஏறாதேன்னு நான் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். சோத்தைக் குறைச்சேன். எறங்கலை. அப்புறம்தான் தண்ணியை நிறுத்துனேன். நீ உள்ள ஊத்துனதை நான் வெளிய எடுத்திருக்கேன், ரெண்டு பேரும் சேந்து ஒரே புள்ளை மேல.

ஆனா நானும் யோக்கியன் இல்ல. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, ஒன்கிட்டச் சொல்றேன். அந்த டப்பா மட்டுந்தான் கம்பெனி டப்பா. உள்ள இருந்தது மூட்டையில வர்ற தூளு. காலி டப்பாவுல நானே அள்ளிப் போட்டு மூடுவேன். மூட்டை மேல ஒரு எழுத்து கெடையாது. குடுக்குறவனைக் கேட்டா "நல்ல சரக்கு"ம்பான், அதோட சரி. நான் குடிச்சது சீல் பிரிக்காத வெளிநாட்டு டப்பா. அதான் அந்த ஜெராக்ஸ். "இந்தத் தூளை ஒம்போது வருசமாச் சாப்பிடுறேன்"னு எழுதுனேன்ல, அது பொய். ஒனக்குச் சீரு வச்சதும் மூட்டைத் தூளுதான். சோதனைக்குன்னு டப்பாவைத் திருப்பிக் கேட்டதும் அது வெளிய தெரியாம இருக்கத்தான்.

போதுமா? இப்ப நீ சிரி.

நான் திங்கக்கிழமை திருச்சி வாரேன். மூட்டைத் தூளை ஒரு கவர்ல கட்டி எடுத்துக்கிட்டு வாரேன். என்னோடதை நான் சொல்லிக்கிறேன், ஒன்னோடதை நீ சொல்லு. அவ முன்னாடி சொல்லு. நீ சொல்லலேன்னா நான் சொல்வேன், ஒன் லெட்டரை எடுத்து டாக்டரம்மா மேசையில வச்சுருவேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல ஏழு மணிக்கு நிப்பேன். ஒன்கூடப் பேசுறதுக்கு இல்ல.

உதயசூரியன்


திருவரங்குளம்,
20.6.2024

உதயாவுக்கு,

திருச்சியில இருந்து வந்து பத்து நாளாச்சு. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. மத்ததைக் கேக்காத.

நீ பாதியில எந்திரிச்சு வெளிய போயிட்ட. ஒன்னோடதைச் சொல்லும்போது நீ அழுததை நான் பாக்கலேன்னு நெனைக்காத, பாத்தேன். எனக்கு எரக்கம் வரலை. நீ போன பின்னாடி நடந்ததை எழுதுறேன்.

டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை. பேனாவை எடுத்து ஒவ்வொண்ணா எழுதுனாங்க. "கரண்டி தலை தட்டியா, கும்பாச்சியாவா?"ன்னு கேட்டாங்க. கும்பாச்சியான்னேன். அங்கன்வாடிப் புள்ளைகளுக்குத் தலை தட்டித்தான் குடுப்பேன் உதயா. கணக்குக் காட்டணும்ல. எம் மகளுக்குத்தான் கும்பாச்சியா அள்ளுனேன்.

எதனால போச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதாம். வலி மாத்திரையும் தண்ணி குடிக்காததும் சேந்தா அதுவே பெரிய அடியாம். தூளு அளவுக்கு மேல, அதுவும் என்ன கலந்திருக்குன்னே தெரியாத தூளு. எல்லாமாச் சேந்து அடிச்சிருக்குன்னாங்க. ஸ்டீராய்டு வேண்டாம்னுட்டாங்க. ஊசியையும் தள்ளி வச்சிருக்காங்க. "மொத வாரமே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி பாத்திருப்பேன்"னு மட்டும் சொன்னாங்க. ஒண்ணு புள்ளி எட்டு இனி எறங்குறது கஷ்டம். காலத்துக்கும் பாத்துக்கணும். வெயிட் தூக்குறது முடிஞ்சு போச்சு. போலீஸ் வேலைக்கு மெடிக்கல்ல எடுக்க மாட்டாங்க.

அவ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. அழலை. பஸ்ல என் பக்கத்துல உக்காராம முன்னாடி சீட்டுக்குப் போயிட்டா. வீட்டுக்கு வந்ததும் சின்னக் குக்கரை எடுத்து அவளே கழுவி, அவளே அரிசி போட்டு வடிச்சுக்கிட்டா. அன்னியில இருந்து அப்படித்தான். நான் சமைச்சதைத் தொடுறதில்ல. நேத்து மோரை ஒரு டம்ளர்ல ஊத்தி வச்சேன். மோந்து பாத்துட்டுக் கீழ ஊத்திட்டா. பெத்த தாயி குடுத்த மோரை மோந்து பாக்குறாடா.

மச்சானுக்குச் சொல்லிட்டேன். ஒரு மணி நேரம் பேசுனாரு, எல்லாம் ஏச்சுத்தான்.

ஒன்னை மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. மூட்டைத் தூளைச் சீரு வச்சியே, பாவி. இந்த ஜென்மத்துல அதை மறக்க மாட்டேன். நீயும் என்னை மன்னிக்க வேண்டாம்.

சுகுணா


பெண்கள் விடுதி,
புதுக்கோட்டை,
8.7.2024

அம்மாவுக்கும் மாமாவுக்கும்,

ஒரே விசயத்தை ரெண்டு தடவை எழுத எனக்குத் தெம்பு இல்ல. ஒரு லெட்டரா எழுதி, ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒண்ணா அனுப்புறேன். யாருக்கு ஒரிஜினல் வந்துச்சுன்னு அதுக்கும் சண்டை போட்டுக்காதீங்க.

நான் ஹாஸ்டல்ல சேந்துட்டேன். அப்பாகிட்டப் பேசித்தான் சேந்தேன். உப்பு கம்மியாச் சமைச்சுக் குடுக்க மெஸ்ல ஒத்துக்கிட்டாங்க. போனும் வாங்கிட்டேன். நம்பரை உங்க ரெண்டு பேருக்கும் தர்றதா இல்ல.

உங்க லெட்டர் எல்லாத்தையும் படிச்சேன். மாமாவோட லெட்டரெல்லாம் அம்மா பீரோவுல இருந்துச்சு, அம்மாவோடது எல்லாத்தையும் பரிமளா அத்தை குடுத்தாங்க. முதல்ல இருந்து கடைசி வரைக்கும் தேதி வாரியா அடுக்கி வச்சுப் படிச்சேன். என் கிட்னிக்காகச் சண்டை போடுறீங்கன்னு நாலு மாசமா நெனைச்சுக்கிட்டு இருந்தேன். பழி தன் மேல விழக்கூடாதுன்னுதான் ரெண்டு பேரும் சண்டை போட்டிருக்கீங்க. டாக்டர் என்கிட்ட "வேற என்ன சாப்பிட்டே, நல்லா யோசி"ன்னு கேக்கும்போதெல்லாம், நான் ஏதோ மறந்துட்டேன்னு நெனைச்சு என்னையே திட்டிக்குவேன். ஒரு நாள் டீக்கடையில தின்ன பஜ்ஜியைக்கூடச் சொன்னேன்.

அம்மா, நீ எனக்குக் கெடுதல் நெனைக்கலேன்னு தெரியும். மாமா, நீங்களும் நெனைக்கலை. அதுதான் எனக்குத் தாங்கலை. நெனைச்சிருந்தா உங்களை வெறுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

இந்த மாசம் 22 செக்கப். ரெண்டு பேரும் வர வேண்டாம். ஆஸ்பத்திரி நோட்டுல "கூட வருபவர்"ங்கிற எடத்துல அம்மா பேரு இருந்துச்சு. அடிச்சுட்டேன். மாமா பேரை எழுதலாமான்னு கொஞ்ச நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுதலை. எங்க வார்டன் செவந்தி மேடம் பேரைப் போட்டிருக்கேன். நான் இங்க வந்து ஒரு வாரம்தான் ஆச்சு, அவங்களுக்கு என் பேரே சரியா வராது, அன்பரசின்னு கூப்பிடுறாங்க. என் மேல அவங்களுக்குப் பாசம் எதுவும் இல்ல. அதனால எனக்குத் தெரியாம எனக்கு எதையும் குடுக்க மாட்டாங்க.

அன்புமொழி